நான்காவது சுருள்

வந்து பேசிக்கிறேன்னு சொல்லு. தேசம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். டீக்கடை பஷீர் பாய் நேற்றுச் சாயங்காலம் அதை அப்படியே ஒப்பித்துவிட்டுத் தன் பாய்லரைக் கவனிக்கப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவள் பொற்கொடி. அந்த மூன்று வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கோபமாச் சொன்னாங்களா பாய், சிரிச்சுக்கிட்டா? போன்ல என்னம்மா தெரியும், கொரகொரன்னு கேட்டுச்சு, ஆரணியிலேர்ந்து மொத பஸ்ஸைப் புடிக்கிறேன்னுச்சு. முதல் பஸ் என்றால் எட்டரைக்கெல்லாம் வந்து இறங்கிவிடுவாள். இப்போது மணி ஏழு. தண்டையார்பேட்டையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பம்ப் ரூம் சுவருக்கு முன்னால், ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் சுண்ணாம்பு சுரண்டுகிற தகடு, தோளில் துணிப்பை, இந்தக் கோலத்தில் பொற்கொடி நிற்கிறாள். எதிரே ஒன்பதடி உயரத்துக்குத் தேசம்மாவின் முகம், கருப்பு வெள்ளையில், கண்ணை மூடிக்கொண்டு. நெற்றிக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்து ஒரு சாமந்தி மாலை. ஏணி வைத்து ஏறியிருக்கிறார்கள், அவ்வளவு பிரியம். கீழே சூடம் எரிந்த கறை, செங்கல் இடுக்கில் ஊதுவத்திக் குச்சிகள், ஒரு வாழையிலைத் துண்டு. அதில் நேற்று இரண்டு ஆப்பம் இருந்ததாம். ஆப்பக்காரிக்கே வேறு கடையில் ஆப்பம் வாங்கிப் படைத்திருக்கிறார்கள்! காக்கா உடனே எடுத்துடுச்சும்மா, ஒரு குறையுமில்லாமத்தான் போயிருக்குன்னு ஜனங்க பேசிக்கிச்சு என்று பாய் சொன்னபோது பொற்கொடிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடுத்த நிமிஷமே அடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷிக்குப் படையல். மகள் வீட்டுக்கு மூன்று நாள் போயிருக்கிற பாவத்துக்கு.

சுரண்டிவிட வேண்டியதுதான். அவள் வருவதற்குள் சுவரைச் சுத்தமாக்கிவிட்டால், மாலையும் இல்லை, முகமும் இல்லை, அப்புறம் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். எங்கே ஆரம்பிப்பது? கைக்கு எட்டுவது மோவாய்தான். அங்கே ஏற்கெனவே ஒரு மூலையை மாடு தின்றுவிட்டிருக்கிறது. மயில்துத்தம் போட்டுத்தான் மைதாப் பசை காய்ச்சினாள், போட்டால் மாடு தொடாது என்பார்கள், இந்த ஊர் மாட்டுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. மாடு தின்ற இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று தகட்டை வைத்தாள். ஒரு விரல் அகலம் உரிந்தது. அதற்கு மேலே வாய். வாயின் ஓரத்தில், சட்டியில் மாவு சுழற்றும்போது தெறித்த எண்ணெய் சுட்ட ஒரு சின்னத் தழும்பு. அதைச் சுரண்டுவதா? கை நின்றுவிட்டது. தண்ணீர் நனைத்து ஊறவிட்டால் தானாக வரும் என்று ஒரு கை அள்ளித் தெளித்தாள், தெளித்த பிறகு முகம் வியர்த்த மாதிரி ஆகிவிட்டது, ஐயோ, இது இன்னும் மோசம் என்று முந்தானையால் துடைக்கப் போனாள். பைத்தியக்காரி, சுரண்ட வந்தவள் துடைக்கிறாள். மணி என்ன? ஏழு ஐந்து. வந்து பேசிக்கிறேன். என்னத்தைப் பேசுவாள்? எப்பேர்ப்பட்ட வாய் அது. வடகறி கொஞ்சம் ஆறிப்போச்சு என்று சொன்ன ஒருத்தரிடம், ஆறிப்போனது உன் வாயா என் கறியா என்று கேட்டுத் தெருவையே சிரிக்க வைத்தவள். அந்த வாயால் திட்டினாலும் பரவாயில்லை. திட்டாமல், வேண்டாம்மா இனிமே இந்தப் பக்கம் வராதே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால்? அதுதான் தாங்காது.

பொற்கொடி செய்கிற வேலை என்னவென்று அவள் அம்மாவுக்கே சரியாகச் சொல்ல வராது. போட்டோ எடுக்கறா, அதைப் பெருசாக்கிச் செவுத்துல ஒட்டுறா என்பாள். எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ஒரு கட்சியும் இல்லை. கீரைக்காரி, மூட்டை தூக்குகிறவர், பூட்டு ரிப்பேர்க்காரர், இஸ்திரி வண்டிக்காரர், தினமும் பார்த்தும் பார்க்காமல் போகிற முகங்களைப் பத்தடி உயரத்துக்கு நிமிர்த்தி வைத்துவிட்டால் ஒரு நாளாவது நின்று பார்ப்பார்களே என்ற ஆசை. அனுமதி வாங்கித்தான் ஒட்டுவாள், சுவருக்கும் சரி முகத்துக்கும் சரி. கட்டட பிளான் பிரிண்ட் போடுகிற கடையில் மூன்றடி அகலச் சுருள் சுருளாக அடித்துக் கொடுப்பார்கள். கருப்பு வெள்ளைதான். கலரை அவளுக்குப் பிடிக்காது, கலர் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு முகத்தை விட்டுவிடும் என்று எத்தனை கல்லூரியில் போய்ப் பேசியிருக்கிறாள்! பெயரும் போட மாட்டாள், முகமே பேசட்டும் என்பாள். நன்றாகத்தான் பேசியது போ. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே? பத்தடிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி, பஸ் ஸ்டாப்பில், டிரான்ஸ்பார்மர் பெட்டியில், ஸ்கூல் கேட்டில். கலரில் சிரித்தால் பிறந்தநாள், கும்பிட்டால் ஓட்டு, கருப்பு வெள்ளையில் சும்மா ஒரு முகம் இருந்தால் ஆள் போயாச்சு, இதைப் படிக்க எழுத்துக் கூடத் தேவையில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாம் தெரிந்த பொற்கொடிக்கு மட்டும் தெரியவில்லை. மற்ற முகங்கள் எப்படித் தப்பித்தன? அவர்கள் எல்லாரும் தினமும் தங்கள் முகத்துக்குக் கீழேயே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள், அதனால் தப்பித்தார்கள். தேசம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பார்க்கப் போனாள், பொற்கொடி அன்றைக்கு மத்தியானம் ஒட்டினாள். திங்கட்கிழமை கடை இல்லை, முகம் இருக்கிறது. வேறென்ன நினைப்பார்கள்?

அதிலும் கண்ணை மூடின படம். நாற்பது நாள் அந்தக் கடைக்குப் போய் நின்றாள் பொற்கொடி, அந்த ஒரு கணத்துக்காக. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தேங்காய் துருவி, மாவு கலக்கி, ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஒன்பதரை வரைக்கும் தேசம்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒன்பதரைக்கு பஷீர் பாய் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து நீட்டுவார். நின்றபடியே வாங்குவாள், இரண்டு கையாலும் கிளாஸைப் பொத்திக்கொள்வாள், முதல் மடக்கு உள்ளே போகும்போது கண் தானாக மூடும். மூன்று எண்ணுகிற நேரம்தான். அந்த மூன்று எண்ணிக்கையில் அடுப்பு இல்லை, சில்லறை இல்லை, பார்சல் கேட்டு நிற்கிறவன் இல்லை. அப்புறம் கண் திறந்துவிடும், இந்தா உனக்கு எத்தனை என்று சட்டியைச் சுழற்ற ஆரம்பித்துவிடுவாள். அதை எடுத்த அன்றைக்கு பொற்கொடி வீட்டுக்குப் போய் அழுதாள், நிஜமாகவே அழுதாள், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அக்கா, செவுத்துல பெருசா ஒட்டலாமா என்று கேட்டபோது தேசம்மா, ஒட்டேன், சினிமாக்காரங்க மட்டும்தான் செவுத்துல இருக்கணும்னு சட்டமா, ஆனா மூக்குத்தி தெரியணும் சொல்லிட்டேன் என்றாள். மூக்குத்தி தெரிகிறது. நாலு சுருளாக அடித்து வந்தாள், தலைமுடிக்கு ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் ஒன்று, வாய்க்கும் மோவாய்க்கும் ஒன்று, அதற்குக் கீழே கைகளும் டீ கிளாஸும் நாலாவது. ஏணியிலிருந்து இறங்கி, மூன்று சுருள் ஒட்டின சுவரைத் தள்ளி நின்று பார்த்தாள். போதும் என்று பட்டது. முகம் மட்டும் இருந்தால் சுத்தமாக இருக்கிறது, கிளாஸ் வந்தால் டீக்கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும், தவிர அந்த இடத்தில் எப்படியும் அவள் தள்ளுவண்டி நின்று மறைக்கும். நாலாவது சுருளை அப்படியே பையில் செருகினாள். இதோ, இன்னும் பையில்தான் கிடக்கிறது, விலாவில் இடித்துக்கொண்டு.

சுத்தமாக இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாரோ எங்கேயோ இதே மாதிரி சொன்னார்கள். அப்பா. அப்பா போன அன்றைக்கு நடு வீட்டில் அப்பா கிடக்க, சித்தப்பா வந்து, நல்ல போட்டோ ஒண்ணு இருக்கா என்று கேட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த மனுஷனுக்கு நல்ல போட்டோ எங்கே இருந்தது? தேடித் தேடி யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்தியில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது, அப்பா ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ பார்த்துச் சிரிக்கிறார், நகக்கண்ணில் கிரீஸ் கருப்பு அப்படியே இருக்கிறது, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கருப்பு. ஸ்டுடியோக்காரர், கை வேணுமாம்மா என்று கேட்டார். வேண்டாங்க, முகம் மட்டும் போட்டாத்தான் சுத்தமா இருக்கும் என்று சொன்னது யார்? அம்மாவா, சித்தப்பாவா? அம்மா என்றுதான் பொற்கொடி இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா அன்றைக்குப் பேசுகிற நிலையிலா இருந்தாள்? படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனது பத்தொன்பது வயதுப் பொற்கொடி. விடு. அது யார் சொன்னால் என்ன. இன்றைக்கும் வீட்டுச் சுவரில் அப்பா எதற்குச் சிரிக்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கேமரா வாங்கினாள், இனி யாருக்கும் நல்ல போட்டோ இல்லை என்ற நிலை வரக்கூடாது என்று. அப்படியானால்? பூட்டு ரிப்பேர்க்காரர் படம் ஒட்டி எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார், அவர் மகன் தேடி வந்து, உங்க படம்தாங்க நல்லா இருந்துச்சு, அஞ்சலி போஸ்டருக்குக் குடுங்க என்றான், இவளும் பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை நாளும் இவள் எடுத்ததெல்லாம் அதற்குத்தானா? ஜனங்கள் தப்பாகப் படிக்கவில்லை, சரியாகத்தான் படித்தார்களா? கையில் தகடு நழுவி பக்கெட்டுக்குள் விழுந்து தண்ணீர் காலில் தெறித்தது. சில்லென்றிருந்தது.

பஷீர் பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னம்மா, சுரண்டறியா இல்லையா, ஒரு மணி நேரமா அதே மோவாயைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறே என்றார். முடியலை பாய். முடியலைன்னா வுடு, அந்தம்மாவே வந்து கிழிக்கட்டும், அது மூஞ்சிதானே. அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது, உடனே அது தப்பித்துக்கொள்கிற நியாயம் என்றும் தோன்றியது. சைக்கிளில் ஒருத்தர் வந்து இறங்கினார், எல்.ஐ.சி. ஏஜெண்ட், தினமும் மூன்று ஆப்பம் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போகிறவர். பொற்கொடியை ஒரு பார்வை, பக்கெட்டை ஒரு பார்வை. பத்து நாள் கூட ஆகலை, அதுக்குள்ள சுரண்ட வந்துட்டீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா என்றார். சார், அவங்க உயிரோட இருக்காங்க சார். அவர் அப்படியே நின்றார். முகம் மலர்ந்து, உடனே சிவந்தது. அப்ப நான் நேத்து அழுதது? என்றார். ஏணி வைச்சு மாலை போட்டது நான்தாம்மா, வெர்டிகோ இருக்கு எனக்கு, அதோட ஏறினேன் என்றார். சாரி சார் என்றாள். அவர் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார், போகவும் மனமில்லை, பக்கத்தில் நிற்கவும் மனமில்லை. காக்காய் தலையில் தட்டினால் ஆகாது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொய்ச் சாவு சொல்லி அனுப்புவார்கள், அழுது முடித்ததும் தோஷம் கழிந்தது என்பார்கள், ஆயுசு கூடும் என்பார்கள். அப்படி ஏதாவது சொல்லிப் பார்க்கலாமா? அக்கா, ஒரு கண்டம் கழிஞ்சதா வெச்சுக்குங்க. சீ, என்ன பேச்சு. ஆரணியில் மகள் போனை எடுத்திருக்கிறாள், அம்மா எப்போ தவறினாங்க என்று எவரோ கேட்டிருக்கிறார்கள், அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன சமாதானம் இருக்கிறது? இனி இந்த இடத்தில் எவன் ஆப்பம் தின்பான், சூடம் கொளுத்தின இடத்தில்? கடை போனால் தேசம்மா எங்கே போவாள்? பொற்கொடி மறுபடி தகட்டை எடுத்தாள், இந்தத் தடவை நிஜமாகவே, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயின் மேல் வைத்தாள். பின்னால் ஷேர் ஆட்டோ நிற்கும் சத்தம்.

தேசம்மா இறங்கினாள். கத்தரிப்பூக் கலர்ப் புடவை, கையில் ஒரு கட்டைப்பை, அதில் தலை நீட்டிக்கொண்டு முருங்கைக்காய், மறு கையில் மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆப்ப மாவுத் தூக்கு. பொற்கொடியை அவள் பார்க்கவே இல்லை. அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். நிதானமாக, தலைமுடியிலிருந்து ஆரம்பித்து, மாலை, புருவம், மூக்குத்தி, வாயோரத் தழும்பு என்று ஒவ்வொன்றாக. எல்.ஐ.சி.க்காரர் எழுந்து நின்றார். பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பொற்கொடி தகட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மூக்குத்தி நல்லாத் தெரியுது" என்றாள் தேசம்மா.

"அக்கா, மன்னிச்சுடுங்கக்கா. இப்பவே சுரண்டிடறேன்."

"இரு. வந்து பேசிக்கிறேன்னேன் இல்ல? பேச வுடு." மறுபடியும் அண்ணாந்தாள். "இது அன்னைக்கு எடுத்ததுதானே? பாய் டீ கொணாந்து குடுத்தப்போ?"

"ஆமாக்கா."

"ஏண்டி, அப்போ என் டீ எங்க?"

பொற்கொடி வாயைத் திறந்தாள். முகம் மட்டும் இருந்தால் சுத்தமாக இருக்கும் என்பது நாக்கு நுனி வரை வந்தது, கல்லூரிகளில் சொன்ன மற்றதெல்லாமும் வரிசையாக வந்து நின்றது, ஆனால் முருங்கைக்காய்ப் பையோடு நிற்கிற இந்த மனுஷியிடம் அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு, கை வேணுமாம்மா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டது பொற்கொடியைத்தான். வேண்டாம் என்று சொன்னதும் இவள்தான். இத்தனை வருஷம் கழித்து, பட்டப்பகலில், பாயும் எல்.ஐ.சி.க்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, அது அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. அழுகை வந்தது.

"வெட்டிட்டேன்கா."

"எதுக்கு?"

"தெரியலைக்கா."

"கையையும் வெட்டிட்டே, டீயையும் புடுங்கிட்டே. அப்புறம் அவ சாவாம என்னாடி பண்ணுவா?" தேசம்மா பையைக் கீழே வைத்தாள். குரலில் கோபம் இருந்தது, அது பழகின கோபம், வடகறி ஆறிப்போச்சு என்றவரிடம் காட்டின அதே கோபம். "எம் பொண்ணு போனைக் கீழ போட்டுட்டு என்னைக் கட்டிக்கினு எப்படி அழுதா தெரியுமா? கட்டிக் குடுத்ததுலேர்ந்து என்னைத் தொட்டது கூட இல்ல அவ. சரி அத்த வுடு. அந்த மிச்சம் எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

பொற்கொடி பைக்குள் கை விட்டாள். சுருள் நசுங்கியிருந்தது, கிழியவில்லை. தரையில் விரித்துப் பிடித்தாள். இரண்டு பெரிய கைகள், நரம்பு புடைத்த புறங்கை, நடுவில் கண்ணாடி கிளாஸ், அதன் விளிம்பில் ஆவி. தேசம்மா குனிந்து பார்த்தாள்.

"பால் கம்மியா ஊத்தியிருக்கே பாய்" என்றாள்.

"போட்டோல அப்படித்தான் தெரியும்" என்றார் பாய், ரோஷமாக.

"ஒட்டு. சீக்கிரம் ஒட்டு, நான் அடுப்பு மூட்டணும். வண்டிய அந்தாண்ட தள்ளிப் போட்டுக்கிறேன்." எல்.ஐ.சி.க்காரர் பக்கம் திரும்பினாள். "நீதானா மாலை போட்டது? ஏணியைப் போட்டு நீயே எறக்கு."

பாய் கடை அடுப்பிலேயே மைதா காய்ச்சினார்கள். மாலையை இறக்கிய கையோடு எல்.ஐ.சி.க்காரர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார், மோவாய் மூலையைத் தின்ற மாடு வந்து அதையும் வாங்கிக்கொண்டு போயிற்று. தேசம்மா ஒரு பக்கெட் தண்ணீரை வீசி ஊற்றிச் சூடக் கறையைத் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினாள். பொற்கொடி முட்டி போட்டு உட்கார்ந்து நாலாவது சுருளை ஒட்டினாள். கழுத்து கழுத்தோடு பொருந்த வேண்டும், ஆவி மோவாய்க்குப் போய்ச் சேர வேண்டும், அவசரத்தில் அரை விரல்கடை விலகிவிட்டது, கிளாஸ் லேசாகக் கோணிவிட்டது. உரித்து மறுபடி ஒட்டலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஸ்கூலுக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை நின்று, ஐ, ஆப்பக்கார அம்மா டீ குடிக்குது என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு ஓடியது.

ஒன்பதரை மணிக்கு வழக்கம்போல் பஷீர் பாய் டீ கொண்டுவந்தார், இன்றைக்குப் பால் கூடுதலாக. தேசம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையாலும் கிளாஸைப் பொத்தி வாங்கினாள். முதல் மடக்கு உள்ளே போனது, கண் மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று. பொற்கொடி சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். தேசம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னாடி, எடுக்கலியா?"

"கையெல்லாம் பசைக்கா."